பிச்சாவரம் முதல் முத்துப்பேட்டை வரை: காவிரிக் கழிமுகக் கடற்கரைக்கு நான்கு நாள் பயண வழிகாட்டி

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திற்கு வடக்கே தொடங்கி, கரை மேற்கே திரும்பும் கோடியக்கரை வரையிலும், அங்கிருந்து முத்துப்பேட்டைக் காயல் வரையிலும் பரந்து கிடப்பது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலாலும் கடல் ஒதுக்கிய மணலாலும் ஆன சமவெளி. இங்கே மலையோ அருவியோ கிடையாது. தெற்கு முனையில் ‘மேடு’ என்று சொல்லி ஏறிப் பார்க்கும் இடம்கூடச் சில மீட்டர் உயரமுள்ள மணற்குன்றுதான். ஆகவே மலைவாசத்தலத்திற்குப் போவதைப் போல, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பகல் பதினொரு மணிக்கு வந்து இறங்குபவர், மீன் ஏலம் முடிந்துபோன துறைமுகத்தையும், கண்ணுக்கெட்டாத தொலைவில் புள்ளிகளாகத் தெரியும் பறவைகளையும், கால் வைக்க முடியாத சுடுமணலையும் மட்டுமே கண்டு திரும்புவார். அதே இடங்களுக்கு விடியலில் வருபவர் காண்பது வேறொரு நாட்டை. அதனால்தான் இந்த வழிகாட்டி மாதத்தையும் மணியையும் முன்னே வைத்து, ஊர்களை அதற்குப் பின்னே அடுக்குகிறது.

முதலில் மாதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இக்கரையில் பெய்கிறது. வங்கக் கடல் புயல்கள் கரையேறுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் தென்னையும் மாவும் இலட்சக்கணக்கில் சாய்த்த வடு இன்னும் முழுவதும் ஆறவில்லை. நவம்பரில் வருவதாக இருந்தால் வானிலை அறிக்கையைப் பார்ப்பதோடு, நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டறியுங்கள். ஒன்றாம் எண் கூண்டு தொலைவில் தாழ்வழுத்தம் உருவாகியிருப்பதை மட்டுமே குறிக்கும். மூன்றாம் எண்ணும் அதற்கு மேலும் ஏறினால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை.

பறவைகளுக்காக வருபவருக்கு டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரை பொருத்தமான காலம். மழை ஓய்ந்து, தேங்கிய நீரில் இரை நிறைந்து, வலசை வந்த பறவைகள் கூடியிருக்கும். சம்பா நெல் முற்றி வயல்கள் பொன்னிறமாகத் தலைசாய்ந்திருப்பதும் அப்போதுதான். உப்பளங்களில் வேலை சூடுபிடித்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறும் மார்ச் மாதத்திற்கு மேல் வர வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தைப் பார்ப்பதும் நல்ல மீன் சாப்பிடுவதும் உங்கள் நோக்கமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் அக்காலத்தில் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. கரையோரம் போய்வரும் ஃபைபர் படகுகளின் சிறு மீன்வரத்து மட்டுமே அப்போது கிடைக்கும்.

தங்குமிடம் இரண்டு போதும்

இந்தக் கரையின் நீளம் முழுவதற்கும் ஒரே ஊரில் தங்கிப் போய்வர நினைப்பதுதான் பயணிகள் வழக்கமாகச் செய்யும் தவறு. நாகப்பட்டினத்தில் தங்கிக்கொண்டு விடியலில் பிச்சாவரத்தில் நிற்க முடியாது. முதல் இரவு சிதம்பரத்திலும், அடுத்த இரவுகள் நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ தங்குவது வசதி. கோடியக்கரையை ஆற அமரப் பார்க்க விரும்புவோர் கடைசி இரவை வேதாரண்யத்தில் கழிக்கலாம். ஆடம்பரமான விடுதிகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு ரயில் உண்டு. நெடுநாள் ரயில் இல்லாதிருந்த வேதாரண்யம் பகுதிக்கும், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியன்பள்ளி வரையிலான பாதை 2023 ஏப்ரலில் மறுபடி திறக்கப்பட்டதால் ரயில் வந்துவிட்டது. ஊர்களுக்கிடையே பேருந்துகள் போதுமான அளவில் ஓடினாலும், விடியலில் ஓரிடத்தில் இருக்க வேண்டிய நாட்களுக்கு முந்தின இரவே ஆட்டோவோ காரோ பேசி வைப்பது அவசியம்.

முதல் நாள்: பிச்சாவரம், முதல் படகு

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே உப்பங்கழிகள் பின்னிக்கிடக்கும் 1,100 ஹெக்டேர் அளவிலான அலையாத்திக் காடு இது. படகுத்துறை திறக்கும்போதே அங்கே இருங்கள். விசைப்படகு, துடுப்புப் படகு இரண்டும் கிடைக்கும். துடுப்புப் படகையே எடுங்கள். விசைப்படகு அகலமான வாய்க்கால்களில் மட்டுமே போகும், அதன் சத்தத்திற்குப் பறவைகளும் கலையும். தலைக்கு மேலே கிளைகள் கூடிக் கூரையாகும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும்.

பார்க்க வேண்டியதைத் தெரிந்துகொண்டு போனால் இந்தப் படகுப் பயணம் இருமடங்கு சுவைக்கும். சேற்றில் காற்று புகுவதில்லை என்பதால் இந்த மரங்கள் வேர்களை வெளியே அனுப்பி மூச்சுவிடுகின்றன. விழுதுபோல் வளைந்து இறங்கி மரத்தைத் தாங்கும் வேர்கள் சுரபுன்னைக்குரியவை. சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோல நீண்ட நாற்றாகித் தொங்கி, பின்னர் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். கரையோரத்தில் தில்லை மரத்தைக் காட்டச் சொல்லிப் படகோட்டியிடம் கேளுங்கள். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால், கிளையை ஒடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறுவதற்குள் சிதம்பரம் திரும்பினால், நடராசர் கோயில் நடை சாத்துவதற்கு முன் தரிசனத்தையும் முடித்துவிடலாம். மாலையைச் சீர்காழி வழியாகப் பூம்புகார் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூம்புகாரில் எதை எதிர்பார்க்கலாம்

பெயரின் பெருமையைச் சுமந்துகொண்டு வருவோருக்குப் பூம்புகார் சிறு ஏமாற்றத்தைத் தரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினம் இன்று கண்முன் இல்லை. காவிரியே இங்கே வந்து சேரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. வெள்ள நீரின் பெரும்பகுதி திருச்சிக்கு மேற்கே முக்கொம்பிலேயே பிரிந்து கொள்ளிடம் வழியாகப் போய்விட, மீதி நீர் அரசலாறு, வெண்ணாறு எனப் பல கிளைகளில் வயல்களுக்குப் பாய்ந்துவிடுவதே காரணம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்குப் பிறகு, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாள் இங்கே செய்தியாகிறது. அந்த நீரை நெல் தூவி வரவேற்கும் உழவர்களைப் பார்த்தவர்களுக்கு, ஒடுங்கிய ஆறு சிறியதாகத் தோன்றாது.

பார்க்க இருப்பவற்றுள் முதன்மையானது 1973-இல் அரசு எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடம். எழுநிலை மாடமாக அமைந்த அதன் சுவர்களில் கோவலன் கண்ணகி கதை கல்லில் தொடராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கதை தெரியாத பிள்ளைகளை அழைத்து வந்தால் சிற்பத்தின் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு நடக்கலாம். அகழாய்வில் ஆர்வமுள்ளவர்கள் பல்லவனீச்சரத்தில் வெளிப்பட்ட புத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தையும், கீழையூரில் கண்டெடுக்கப்பட்ட படகுத்துறைக் கட்டுமானத்தையும் தேடிப் போகலாம். மற்றவர்களுக்கு மாலை வெயிலில் முகத்துவாரம் ஒன்றே போதும். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் நீராடவும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யவும் பெருங்கூட்டம் வரும். அமைதியை நாடுவோர் அந்நாட்களைத் தவிர்க்கவும்.

இரண்டாம் நாள் காலை: தரங்கம்பாடி

இப்பயணத்தில் நடந்தே பார்க்க வேண்டிய ஒரே ஊர் தரங்கம்பாடி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் டேனிஷ்காரர்கள் இங்கே கால் ஊன்றினார்கள். மன்னர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதியனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஊர் அவர்கள் வசமே இருந்தது.

விடியலில் கடற்கரையில் தொடங்குங்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் ஆட்சியில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலைக் கடல் மெல்ல மெல்ல அரித்துத் தின்றதற்கான அடையாளங்கள் அங்கே உண்டு. அங்கிருந்து டேன்ஸ்போர்க் கோட்டையைச் சுற்றிவந்து, இராஜ வீதி வழியாக நகர வாயில் வரை நடந்தால் பழைய ஊரின் முதுகெலும்பு முழுவதையும் பார்த்துவிட்டீர்கள். இடையில் 1718-இல் கட்டிமுடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் வரும். 1706-இல் இங்கே வந்திறங்கித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை அந்த ஆலயத்துக்குள்தான் இருக்கிறது. அச்சுக்குத் தாள் வேண்டும் என்று பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் தொடங்கினார்கள். ஆலை போய்விட்டது, ‘கடுதாசிப்பட்டறை’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பேருந்தில் கடக்கும்போது அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் அருங்காட்சியகமும் உண்டு. தமிழக அரசின் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துத் திட்டமிடுவது பாதுகாப்பு. தரங்கம்பாடியில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, அது உடலுக்கு நல்லது என்று பலர் சொல்லக் கேட்பீர்கள். தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். அங்கே நீங்கள் இழுத்து மூச்சுவிடுவது நல்ல உப்புக்காற்று. அதை அனுபவிக்க வேறு காரணம் தேவையில்லை.

காரைக்கால், நாகூர் வழியே நாகப்பட்டினம்

தரங்கம்பாடிக்குத் தெற்கே சில கிலோமீட்டரிலேயே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் வந்துவிடும். எல்லை தாண்டியதை மதுக்கடைப் பலகைகளே அறிவிக்கும். அங்கே வாங்கிய மதுபுட்டிகளைத் தமிழக எல்லைக்குள் கொண்டுவருவது சோதனைச் சாவடியில் சிக்கலை உண்டாக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி வருவோர், காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கும் காட்சியைக் காணலாம். திருநள்ளாறு செல்ல விரும்புவோர் சனிக்கிழமை தவிர்த்த நாளில் போனால் வரிசையில் நிற்கும் நேரம் பெரிதும் குறையும்.

நாகூரில் சாகுல் அமீது ஆண்டகையின் தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஐந்து மினாராக்களில் மிக உயரமான பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தலையை மூடிக்கொள்ள ஒரு துணியை எடுத்துச் செல்லுங்கள். ஆண்டகையின் நினைவாக எடுக்கும் கந்தூரி விழா இஸ்லாமிய நாட்காட்டிப்படி நடப்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். தர்காவைச் சுற்றிய தெருக்களில், அரிசி மாவில் இறால் வைத்துச் சுட்டுத் தரும் ‘வாடா’வைச் சாப்பிடாமல் திரும்புவது இழப்பு.

நாகப்பட்டினத்தில் இரவு தங்கி, மறுநாள் விடியலில் மீன்பிடித் துறைமுகத்திற்குப் போங்கள். விசைப்படகுகள் கரைசேர்ந்து, கூடை கூடையாக மீன் இறங்கி, ஏலம் விடும் குரலும் பனிக்கட்டி உடைக்கும் ஓசையும் ஒன்றாகக் கேட்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் இப்பயணத்தின் மிக உயிரோட்டமான பொழுது. அது அவர்களின் பிழைப்பிடம். வழியில் நிற்காதீர்கள், கேட்டுவிட்டுப் படமெடுங்கள், ஈரத்தரையில் வழுக்காத செருப்பு அணியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று தமிழகத்திலேயே அதிக உயிர்களைச் சுனாமி பறித்தது இந்த மாவட்டத்தில்தான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அந்த நாளைப் பற்றித் தாமாக விசாரிக்கத் தொடங்குவது பண்பாகாது.

ஊருக்குள், இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரையைத் தேடி வருபவர்களும் உண்டு. தேட வேண்டாம். அங்கே எஞ்சி நின்ற செங்கல் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது. மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இலங்கை செல்லும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: இங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் சேவை நிறுத்தப்படுவது உண்டு என்பதால் கடவுச்சீட்டோடு கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெற்கே 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் காலம். காவியுடுத்தி நடந்துவரும் பக்தர்களால் சாலையும் விடுதியும் நிறைந்துவிடும். வேண்டுதல் இருப்பவர் அப்போது வரட்டும். ஊரைப் பார்க்க வருபவர் மற்ற நாட்களில் வருவது நலம்.

கடலில் இறங்குவது பற்றி

இக்கரையின் அலைகள் பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும் அடியில் இழுப்பு வலியது. சில அடிகள் உள்ளே போனதும் தரை திடீரென ஆழமாகும். முகத்துவாரங்களில் ஆற்றின் ஓட்டமும் கடலின் ஓட்டமும் மோதுவதால் அங்கே நீராடுவது மற்ற எல்லா இடங்களையும்விட ஆபத்தானது. கணுக்கால் நனையும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால், ‘இன்றைக்கு நீவாடு எப்படி’ என்று கரையிலுள்ள மீனவரைக் கேளுங்கள். நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. ‘இறங்காதே’ என்று அவர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

மூன்றாம் நாள்: வேதாரண்யமும் உப்பளங்களும்

வேளாங்கண்ணியைத் தாண்டித் தெற்கே போகப் போக நிலம் மாறுவதைச் சன்னல் வழியே கவனியுங்கள். நெல்வயல் குறைந்து மணற்பாங்கில் மாந்தோப்பும் தென்னையும் முல்லைத் தோட்டமும் வரும். பிறகு கண்கூசும் வெண்மையில் உப்புப் பாத்திகள். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு மிகுதியாக விளைவது இங்கேதான். வெயிலின் கூச்சத்தைத் தவிர்க்க விடியலுக்கு முன்பே தொழிலாளர்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள், ஆகவே பார்ப்பவரும் சீக்கிரம் போக வேண்டும். கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். பாத்தி வரப்பில் அனுமதி கேட்காமல் ஏறக் கூடாது.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய இராஜாஜி, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி அகத்தியன்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போருக்குத் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்ததால், வழிநெடுக மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அங்குள்ள நினைவுத்தூண் பார்வைக்கு எளியது; இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் அது பேசும். மாலையில் வேதாரண்யேசுவரர் கோயிலுக்குப் போங்கள். ‘திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு’ என்பது இவ்வட்டாரத்துப் பழமொழி. விளக்கேற்றும் நேரத்தில் உள்ளே இருப்பவருக்கு அதன் பொருள் விளங்கும்.

நான்காம் நாள்: கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்திற்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இங்கேதான் அனுப்புவேன். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியும் அதையொட்டிய சதுப்புநிலங்களும் சேர்ந்து 38,500 ஹெக்டேர், 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. காடு, புல்வெளி, சேற்றுநிலம், மணல்மேடு, உப்பளம் எல்லாம் அருகருகே இருப்பதே இதன் தனிச்சிறப்பு.

வனத்துறைச் சாவடியில் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே, பறவைகள் இப்போது எந்தப் பக்கம் மேய்கின்றன என்று கேளுங்கள். நீர்மட்டத்தைப் பொறுத்து அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் பூநாரைகள் நின்ற இடம் இந்த வருடம் வறண்டு கிடக்கலாம். முடிந்தால் வனத்துறை வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். முதல் வெளிச்சத்தில் புல்வெளிக்குப் போனால் வெளிமான்கள் மேயும். முறுக்கிய கொம்போடு கருமையாகத் தெரிவது ஆண். பெண்ணும் குட்டியும் மஞ்சள் கலந்த பழுப்பு. வண்டியை விட்டு இறங்கி அவற்றை நோக்கி நடந்தால் கூட்டமே துள்ளி மறைந்துவிடும்; நின்ற இடத்திலேயே காத்திருந்தால் அவை தாமாக நெருங்கி வரும். காட்டுக்குதிரைகளும் கண்ணில் படும். அவை யாரோ எப்போதோ விட்டுச்சென்ற வளர்ப்புக் குதிரைகளின் வழித்தோன்றல்கள்.

அதன் பின் சேற்றுநிலம். பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்ற பெரிய பறவைகளை வெறுங்கண்ணாலேயே அறியலாம். ஆனால் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து பறந்து வந்து சேற்றைக் கொத்திக்கொண்டு ஓடும் சிறிய உள்ளான்கள்தான் கோடியக்கரையின் உண்மையான விருந்தினர். அவற்றைப் பார்க்க இருநோக்கி தேவை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு வலசைப் பாதைகளை ஆராய்ந்து வருகிறார்கள்.

நண்பகலில் பாலை மரங்கள் நிறைந்த பசுமைமாறாக் காட்டின் நிழலில் இளைப்பாறலாம். வெயில் தணிந்ததும் இராமர் பாதம் என்னும் மணற்குன்றில் ஏறினால் காடும் சதுப்பும் ஒருசேரத் தெரியும். கரையில் சோழர் காலத்தது எனப்படும் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் சரிந்துவிட்டது. செங்கல் எச்சங்கள் மட்டும் கிடக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அதைப் பார்க்க அவர்கள் அனுமதித்தால் கைவிளக்கும் படக்கருவியின் ஒளியும் இல்லாமல் நில்லுங்கள். குஞ்சுகள் ஒளியைக் கண்டு திசைமாறிவிடும்.

நேரம் மிஞ்சினால் முத்துப்பேட்டை

மேற்கே திரும்பிச் சென்றால் தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு முத்துப்பேட்டையில் இருக்கிறது. பிச்சாவரத்தைப் பார்த்தவருக்கு இது அதன் நகல் போலத் தோன்றக்கூடும், அப்படி இல்லை. இங்கே வெண்கண்டல்தான் பெரும்பான்மை, கோரையாற்றின் வழியே நெடுந்தூரம் படகில் போய்ப் பரந்த காயலில் வெளிப்படும்போது திசையெல்லாம் நீராகிவிடும். சுற்றுலா ஏற்பாடுகள் குறைவு என்பதால் வனத்துறை அனுமதியையும் படகையும் முந்தின நாளே பேசி முடிக்க வேண்டும். குடிநீர், உணவு, தொப்பி எல்லாவற்றையும் கரையிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும், படகு திரும்பும் வரை கடை ஒன்றும் கிடையாது. பிளாஸ்டிக் பையில் கொண்டுபோவதைப் பையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுத்துக் காயலில் அலை எழும் என்பதால், மதியத்திற்குள் ஆற்றுக்குள் திரும்பிவிடும்படி படகோட்டியிடம் கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.